வயிற்றினுள் தங்கும் ஒட்டுத் தழும்பு

சங்கங்களின் கடன் மனுக்களைப் பரிசீலிக்குங்கால், 'கடன் கோரும் காரணம்' என்னும் கட்டத்தில் 'வைத்தியச் செலவு' என்ற சொற்களை நாம் அடிக்கடி காண்கிறோம். அவற்றுள் ஒரு வகை நமது கவனத்தைத் தனியே ஈர்த்தது. ஒரு குடும்பத்தார் வயிற்று ஆபரேஷனுக்கென்று கடன் பெறுகின்றனர். தவணை தவறாமல் அடைத்துத் தீர்க்கின்றனர். ஐந்தாண்டோ பத்தாண்டோ சென்றபின் அதே நபரின் வயிற்றுக்காக மறுபடியும் மனுச் செய்கின்றனர். விசாரித்தால், "பழைய ஆபரேஷன் உள்ளே ஒட்டிக்கொண்டதாம்" என்று விடை வருகிறது. எது எதனோடு ஒட்டிற்று, ஏன் ஒட்டிற்று என்பது மனுதாரருக்கும் விளங்குவதில்லை. மனுவைப் பரிந்துரைக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் விளங்குவதில்லை. முதலில் கத்தி வைத்த டாக்டர் எதையோ கெடுத்துவிட்டார் என்று சிலர் பழி கூறுகின்றனர். வேறு சிலரோ, நோயுற்றவர் பெண்ணாக இருப்பின், வேலைக்கு அஞ்சி வலியென்று பாசாங்கு செய்கிறாள் என்று கூசாமல் சொல்கின்றனர். இவ்விரண்டும் பெரும்பாலும் அநியாயமான பேச்சு. நாம் வைத்தியர் அல்லோம். எனினும், வைத்திய நூலோர் ஆராய்ந்து கண்ட செய்திகளை அங்கத்தினர்களுக்கு விளங்கும் வகையில் எடுத்துரைப்பது பயன் தரும் என்று கருதி இதனை எழுதுகிறோம்.

வயிற்றறையின் உட்சுவரையும், அதனுள் அமைந்த குடல், இரைப்பை, கருப்பை முதலிய உறுப்புகளின் மேற்புறத்தையும் ஒரு மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. பெரிட்டோனியம் என்பது அதன் பெயர். இதனை விரித்துப் பரப்பினால் ஒருவருடைய மேல்தோலின் பரப்புக்கு ஏறத்தாழச் சமமாகும். வழவழப்பாகவும் ஈரமாகவும் இருப்பதே இதன் குணம். சிறுகுடல் மட்டுமே சுமார் 20 அடி நீளம், அதாவது ஆறு கஜச் சேலையின் நீளத்துக்குச் சற்று மேற்பட்டது. அவ்வளவு நீளக் குழாய் ஒரு சிறு அறைக்குள் மடிந்து கிடந்து, இரவும் பகலும் நெளிந்து உணவைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. ஒரு மடிப்பு மற்றொன்றின் மீது உராயாமல் வழுக்கிச் செல்வதற்கு இந்தச் சவ்வே காரணம்.

இச்சவ்வின் மீது கத்தியோ, கையோ, நோய்க்கிருமியோ பட்டுப் புண் உண்டானால் என்ன நிகழ்கிறது? நெசவாள அங்கத்தினர்கள் இதனை எளிதில் உணர்வார்கள். பாவைத் தெருவில் நீட்டிக் கட்டிக் கஞ்சி போடும் காட்சியை நினைவில் கொள்க. கஞ்சி இன்றேல் இழைக்கு வலுவில்லை. தறியில் ஏறியதும் அறும். ஆனால் கஞ்சி காய்வதற்குள் தூரிகையால் நீவி, இழையை இழையினின்று பிரித்துவிட வேண்டும். நீவும் கை சற்றே தாமதித்தாலும், வெயில் முந்திக்கொண்டாலும், நாலைந்து இழைகள் சேர்ந்து ஒன்றாய் உலர்ந்துவிடும். பிறகு பிரிக்கப் புகுந்தால் இழையே அறுபடும்.

உடலும் புண்பட்ட இடத்தில் சில மணி நேரத்துக்குள் ஒரு வகைப் பசையைச் சுரக்கிறது. இரத்தம் உறையும்போது உண்டாகும் ஃபைப்ரின் என்னும் நார்ப்பொருளே அது. புண்ணை மூடி ஆற்றுவதற்கு இது வேண்டியதே. ஆனால் அருகருகே இருக்கும் இரண்டு பரப்புகள் இந்தப் பசையால் ஒன்றோடொன்று தற்காலிகமாக ஒட்டிக்கொள்கின்றன. இதனை நீவிக் கரைக்கும் தூரிகையும் உடலிலேயே உண்டு. பிளாஸ்மின் என்னும் நொதி மூன்று நாட்களுக்குள் பெரும்பாலான பசையைக் கரைத்துவிடும். ஒரு வாரத்துக்குள் புதிய சவ்வும் வளர்ந்து மூடிக்கொள்ளும். மேல்தோலில் உண்டான புண் விளிம்பிலிருந்து உள்நோக்கி ஆறுவதால், பெரிய புண்ணுக்கு அதிக நாளாகும், பெரிட்டோனியம் அப்படியன்று. பெரும் புண்ணாயினும் சிறு புண்ணாயினும் பரப்பு முழுவதும் ஒரே சமயத்தில் புதுச் சவ்வு தோன்றி ஏறத்தாழ ஒரே காலத்தில் ஆறுகிறது. உடலமைப்பின் வியப்புகளில் இஃது ஒன்று.

ஆயினும், அறுவையால் நைந்த இடத்தில் அந்த நொதியின் வேலை தளர்கிறது. இரத்த ஓட்டம் குறைந்தாலும், சீழ் பிடித்தாலும் அது மேலும் தளரும். பசை கரையாமல் நின்றால், அதனைப் பற்றிக்கொண்டு தழும்பு நார் வளர்கிறது. நாளடைவில் அதனுள் இரத்தக் குழாய்கள் புகுகின்றன. நரம்பு இழைகள் கூடக் காணப்படுகின்றன. ஒட்டு, உடலின் நிலையான உறுப்பைப் போல் ஆகிவிடுகிறது. சில இடங்களில் சிலந்தி இழை போல் மெல்லிதாகவும், சில இடங்களில் கயிறு போல் தடித்தும், சில இடங்களில் குடலையும் வயிற்றுச் சுவரையும் ஒரே பலகையாகச் சேர்த்தும் இருக்கும். முதல் வாரத்தில் முடிவாகும் இக்காரியத்தின் பலனை ஆயுள் முழுதும் சுமக்க நேர்கிறது.

இதற்கு டாக்டரின் கவனக்குறைவே காரணம் என்று கொள்ளலாகாது. 1990ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வில், முன்னர் வயிற்று அறுவை செய்துகொண்டவர்களை மறுமுறை திறந்து பார்த்தபோது நூற்றுக்கு 93 பேரிடம் ஒட்டுக்கள் காணப்பட்டன. ஆகவே வயிறு திறக்கப்பட்ட ஏறக்குறைய எல்லோரிடமும் இது சிறிதளவேனும் உண்டு. மிகப் பெரும்பாலோருக்கு அதனால் யாதொரு தொல்லையும் இல்லை. அவ்வாய்வாளருள் ஒருவரான ஹாரோல்டு எல்லிஸ் என்னும் அறுவை நிபுணர், 1962ஆம் ஆண்டிலேயே வேறொன்றையும் சோதனைகளால் எடுத்துக் காட்டியிருந்தார். சவ்வில் விழுந்த கிழிசலை இழுத்து இறுக்கித் தைத்தால் அங்கே இரத்த ஓட்டம் குன்றி ஒட்டு மிகுதியாகிறது; தைக்காமல் விட்ட இடமோ வழவழப்பாக ஆறிவிடுகிறது. இரத்தம் இன்றி வாடும் திசுவுக்கு அண்டையிலுள்ள உறுப்பு தன் இரத்தத்தைக் கொண்டுவந்து கொடுக்கும் வழியே இந்த ஒட்டு என்பது அவர் கருத்து. அண்டை வீட்டான் ஆபத்துக்கு நீட்டிய கையே பின்னர் விலங்காக முடிவது போலாம் இது.

அந்நியப் பொருள்களும் ஒட்டினை வளர்க்கின்றன. கையுறை எளிதில் மாட்டிக்கொள்வதற்காக அதனுள் தூவப்பட்ட மாவுப்பொடி, வயிற்றினுள் உதிர்ந்து கட்டியையும் ஒட்டையும் உண்டாக்கிற்று. முன்னாளில் டால்க் பொடியைத் தூவினர்; அது தீது என்று கண்டு ஸ்டார்ச் மாவுக்கு மாறினர்; அதுவும் தீதென்று தெரிந்து, அமெரிக்க அரசாங்கம் பொடியிட்ட கையுறைகளை 2017ஆம் ஆண்டு ஜனவரி முதல் முற்றிலும் தடை செய்தது. பாவுக்கு உதவும் கஞ்சி வயிற்றுக்கு உதவவில்லை! பேண்டேஜ் துணியிலிருந்தும் காஸ் துணியிலிருந்தும் உதிரும் பஞ்சுத் தூசியும் இவ்வாறே. சத்திரப்பட்டி போன்ற ஊர்களில் இத்துணியை நெய்யும் அங்கத்தினர்கள் இதனைக் கருத்திற் கொள்வார்களாக: தூசி உதிராத துணி என்று ஆஸ்பத்திரியார் வற்புறுத்துவது வெறும் வியாபாரக் கண்டிப்பு அன்று.

இந்த ஒட்டினால் மக்கள் சுமக்கும் பாரம் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தவர்கள் ஸ்காத்லாந்து நாட்டினர். அந்நாட்டு அரசாங்க மருத்துவமனைகளில் ஒருவர் எத்தனை முறை, எதற்காகச் சேர்ந்தார் என்பதெல்லாம் ஒரே பதிவேட்டுத் தொடரில் இணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. பேரேட்டைப் புரட்டுவதையே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்செய்தி மிக்க மகிழ்ச்சி தந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1986ஆம் ஆண்டில் வயிற்றிலோ இடுப்பறையிலோ திறந்த அறுவை செய்துகொண்ட 29,790 பேரை எடுத்துக்கொண்டு, அடுத்த 10 ஆண்டுகள் அவர்கள் கணக்கைத் தொடர்ந்தனர். 1999இல் முடிவு வெளியாயிற்று. மூவரில் ஒருவருக்குச் சற்று மேற்பட்டோர், ஒட்டினால் உண்டான அல்லது உண்டாகியிருக்கக் கூடிய தொல்லைக்காகவோ, ஒட்டினால் சிக்கலாகக் கூடிய வேறு அறுவைக்காகவோ, சராசரி இரண்டு முறை மறுபடியும் மருத்துவமனை ஏறினர். இவ்வாறு திரும்பி வந்த தடவைகளுள் ஒட்டே நேரடிக் காரணம் என்று ஐயமின்றிக் கூறத்தக்கவை நூற்றுக்கு ஆறுக்கும் சற்றுக் குறைவே. ஆனால் கவனிக்கத்தக்கது யாதெனில், முதலாண்டில் வந்து ஓய்ந்துவிடாமல், பத்தாண்டு முழுவதும் இவர்கள் வந்துகொண்டே இருந்தனர். கெடு முடிந்த கடன் போலன்றி, கெடுவே இல்லாத கடன் போல் இது நிற்கிறது.

இனி, அந்தப் பாரம் எவ்வெவ் வடிவில் வந்து சேர்கிறது என்று காண்போம். அவற்றுள் உயிருக்கே உலை வைப்பது குடலடைப்பு. கயிறு போன்ற ஒட்டின் கீழே குடல் மடிப்பு ஒன்று நுழைந்து சிக்குகிறது. அல்லது ஒட்டிய இடத்தைச் சுற்றி முறுக்கிக்கொள்கிறது. வளைந்த ரப்பர்க் குழாயில் தண்ணீர் நிற்பது போல் உணவும் நீரும் வாயுவும் நின்றுவிடுகின்றன. வயிற்று அறுவை செய்தவர்களுள் நூற்றுக்கு இருவர் அளவில் இவ்வாறு ஒட்டினால் அடைப்பு உண்டாவதாக 2013இல் வெளியான ஒரு பெருந்தொகுப்பாய்வு கூறுகிறது. இரண்டு என்பது சிறு எண்தான். அந்த இருவருள் ஒருவர் நம் வீட்டார் எனில் அது சிறிதன்று.

அடைப்பின் அடையாளங்களை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் வேண்டும். அலை அலையாக வந்து விட்டு விட்டு முறுக்கும் வலி, வயிறு உப்புதல், வாந்தி, அதிலும் பச்சையாகப் பித்தம் கலந்த வாந்தி, மலமும் வாயுவும் கீழே பிரியாமை. பழைய அறுவைத் தழும்பு வயிற்றில் இருக்கும் ஒருவருக்கு இவை சேர்ந்து தோன்றினால், அது வெறும் வாயு அன்று. நம் ஊர்களில் இந்நிலையில் நடப்பது என்ன? சோடா வாங்கிக் கொடுக்கின்றனர். குடலேற்றம் என்று எண்ணி வயிற்றைத் தட்டி நீவுகின்றனர். மலம் போகவில்லையே என்று விளக்கெண்ணெய் புகட்டுகின்றனர். வழி அடைபட்ட குடலைப் பேதி மருந்து கொடுத்து முடுக்குவது, மடை மூடிய வாய்க்காலில் மேலும் தண்ணீரைத் திறப்பது போல, கரை உடையும். வாய்வழியே எதுவும் கொடாமல், அறுவை டாக்டர் உள்ள ஆஸ்பத்திரிக்கு நேரே கொண்டு செல்வதே செய்யத்தக்கது.

ஆஸ்பத்திரிக்குச் சென்றால் உடனே கத்திதான் என்று அஞ்சித் தாமதிப்போரும் உளர். அந்த அச்சம் தேவையில்லை. மூக்கு வழியே குழாய் செலுத்தித் தேங்கிய நீரை வெளியேற்றி, நாளத்தில் உப்புநீர் ஏற்றி, குடலுக்கு ஓய்வு கொடுத்தால், பெரும்பாலோருக்கு அடைப்புத் தானே திறந்துகொள்கிறது. எக்ஸ்ரேயில் தெரியும் ஒருவகை மருந்தைக் குடல் வழியே விட்டு, அது 24 மணி நேரத்துக்குள் பெருங்குடலை எட்டுகிறதா என்று பார்ப்பதும் உண்டு. எட்டினால் அறுவையின்றியே தீரும் என்று நம்பலாம். மூன்று நாள் வரை இவ்வாறு காத்திருப்பது வழக்கம். ஆனால் விட்டு விட்டு வந்த வலி விடாத வலியாக மாறி, காய்ச்சல் கண்டு, நாடி விரைந்து, வயிறு பலகை போல் இறுகிவிட்டால், குடலுக்குச் செல்லும் இரத்தம் தடைப்பட்டது என்று பொருள். அப்பொழுது காத்திருத்தல் இல்லை. சில மணி நேரத் தாமதத்திலேயே குடல் அழுகக்கூடும், அழுகிய பாகத்தை வெட்டி எடுத்தாக வேண்டும், உயிருக்கும் உத்தரவாதமில்லை. காத்திருக்கலாமா கூடாதா என்று தீர்மானிக்க வேண்டியவர் டாக்டர். வீட்டாரோ, கிராமத்துக் கைராசிக்காரரோ அல்லர்.

இரண்டாவது பாரம், மறுமுறை வயிற்றைத் திறக்கும்போது தோன்றுவது. பித்தப்பைக் கல்லோ மறு சிசேரியனோ, வேறு எக்காரணமோ ஆகுக. டாக்டர் முதலில் பழைய ஒட்டுக்களைப் பிரித்துக்கொண்டுதான் உள்ளே செல்ல வேண்டும். நேரம் கூடுகிறது. உலர்ந்து ஒட்டிய பாவிழையைப் பிரிப்பது போன்றதே இது. முன்னர்க் குறித்த 2013ஆம் ஆண்டு ஆய்வின்படி, ஒட்டுக்களைப் பிரிக்கும் அறுவைகளில் நூற்றுக்கு ஆறில் குடல் தற்செயலாகக் கிழிபடுகிறது. கைதேர்ந்தவரிடமும் இது நேரும். பெண்களுக்குக் கருக்குழாயைச் சுற்றி ஒட்டு வளர்ந்து, கருத்தரிப்பதற்குத் தடையாவதும் உண்டு.

வலியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கடன் மனுக்களில் பெரும்பாலும் தலை நீட்டுவது அதுவே. அறுவைக்குப்பின் பல மாதமோ பல வருஷமோ அடிவயிற்றில் இழுத்துப் பிடிக்கும் வலி பலருக்கு உண்டு. தறிக்குழியில் குனிந்து உட்கார்ந்து நாள் முழுதும் மிதிப்போருக்கும், நாற்று நடுவோருக்கும் அது எவ்வளவு துன்பம் என்று சொல்ல வேண்டுவதில்லை. எக்ஸ்ரேயிலோ சாதாரண ஸ்கேனிலோ ஒட்டு எளிதில் புலப்படுவதில்லை. 'ஸ்கேனில் ஒன்றுமில்லை' என்ற சீட்டைக் கண்டதும், வலியும் இல்லை என்று வீட்டார் தீர்ப்பளித்துவிடுகின்றனர். இது கொடுமை. சீட்டில் தெரியாததால் வலி பொய்யாகிவிடாது.

மறுபுறம், "ஒட்டை வெட்டிவிட்டால் வலி போய்விடும்" என்று நகையை விற்று மறு அறுவைக்கு விரைவதும் தகாது. நெதர்லாந்தில் இதனை முறைப்படி சோதித்து, 2003இல் வெளியிட்டனர். ஒட்டும் நாட்பட்ட வலியும் உள்ள 100 பேரில், ஒரு பகுதியாருக்குச் சிறுதுளை வழியே ஒட்டுக்களைப் பிரித்தனர். மற்றவர்களுக்கு உள்ளே பார்த்ததோடு சரி, பிரிக்கவில்லை. யாருக்கு எது செய்யப்பட்டது என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. ஓராண்டு சென்று பார்த்தபோது இரு சாராருக்கும் வலி குறைந்திருந்தது. பிரிக்கப்பட்டவர்களுக்குத் தனியே அதிக நன்மை உண்டு என்று காட்ட முடியவில்லை. பிரித்த ஒட்டு மீண்டும் ஒட்டிக்கொள்வதும் உண்டு. அடைப்பு இன்றி வலி மட்டும் உள்ளவருக்கு மறு அறுவை யோசனை கூறப்பட்டால், அடமானம் வைக்குமுன் மற்றொரு டாக்டரிடமும், முடிந்தால் அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில், அபிப்பிராயம் கேட்பது விவேகம். நிர்வாகக் குழுவினரும் இத்தகைய மனு வருங்கால் இக்கேள்வியைக் கேட்கலாம். மறுப்பதற்காக அன்று, அங்கத்தினர் பணம் வீணாகாமைக்காக.

ஒட்டினைக் கரைக்கும் மருந்து, மாத்திரை, லேகியம், தைலம் எதுவும் இன்றுவரை இல்லை. அவ்வாறு விற்பவர் பேச்சை நம்ப வேண்டா. அடிக்கடி அரைகுறையாக அடைப்புக் காண்பவர்கள் உணவை நன்றாக மென்று, சிறுகச் சிறுக உண்ணுமாறும், சக்கையும் நாரும் மிகுந்த பண்டங்களைக் குறைக்குமாறும் டாக்டர்கள் கூறுவதுண்டு.

தடுக்கும் வழிகளில் ஓரளவு முன்னேற்றம் உண்டு. திசுக்களை மென்மையாகக் கையாளுதல், உலரவிடாமல் ஈரமாக வைத்தல், இரத்தக் கசிவை நன்கு நிறுத்துதல் ஆகியவை எக்காலத்துக்கும் பொருந்தும். லாப்பராஸ்கோப்பி என்னும் சிறுதுளைச் சிகிச்சை பரவியபின் நிலைமை திருந்தியிருக்கிறது. அதே ஸ்காத்லாந்துப் பதிவேட்டில், 2009 முதல் 2011 வரை அறுவை செய்துகொண்ட 72,270 பேரை ஐந்தாண்டு தொடர்ந்து 2020இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒட்டே நேரடிக் காரணமாக மருத்துவமனைக்குத் திரும்பியோர் திறந்த அறுவையில் நூற்றுக்கு 4.3, சிறுதுளை அறுவையில் 1.7. இந்த வேற்றுமை முழுவதையும் துளையின் புகழாகக் கொள்ளலாகாது. எளிய நோயாளிகளே சிறுதுளைக்குப் பெரிதும் தேர்ந்தெடுக்கப்படுவர் என்பதும் இதில் கலந்திருக்கிறது. ஏனைய வேற்றுமைகளைக் கழித்துப் பார்த்தும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு நின்றது.

புண்பட்ட பரப்புகளின் இடையே வைக்கும் தடுப்புத் துணியும் ஒன்று உண்டு. ரேயானைப் போலவே மரக்கூழிலிருந்து மீட்டெடுத்த செல்லுலோஸ் இழையைப் பின்னலாடை போல் பின்னி, பதப்படுத்திச் செய்வது அது. முதல் வாரத்தில் இரண்டு பரப்பையும் பிரித்து வைத்துவிட்டு, பிறகு உடலுக்குள் தானே கரைந்துவிடும். இரத்தம் நனைந்துவிட்டால் பயன்படாது என்ற குறை அதற்கு உண்டு. இழைத்தொழிலின் கை எத்துணைத் தூரம் எட்டியிருக்கிறது என்பதற்காகவே இதனைக் குறித்தோம்.

அங்கத்தினர்கள் இன்றே செய்யத்தக்கது ஒன்றிருக்கிறது. ஆஸ்பத்திரியில் வீடு திரும்பும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் சீட்டைப் பலர் பில்லோடு சேர்த்து எறிந்துவிடுகின்றனர், அல்லது பரணில் போட்டுக் கரையானுக்குக் கொடுக்கின்றனர். சங்கத்துப் பங்குப் பத்திரத்தையும் பாஸ் புத்தகத்தையும் வைக்கும் பெட்டியிலேயே அதனையும் வைக்க வேண்டும். சீட்டு இல்லாதவர்கள் ஒரு தாளில் எழுதி வைக்கலாம்: எந்த ஆண்டு, எந்த ஆஸ்பத்திரி, எந்த உறுப்பில் அறுவை, திறந்த அறுவையா சிறுதுளையா, அப்போது சீழ் இருந்ததா. நள்ளிரவில் வாந்தியோடு கொண்டு செல்லப்படும் ஒருவருக்கு முன்பின் அறியாத டாக்டர் முதலில் கேட்பது, "முன்னே வயிற்றில் ஆபரேஷன் ஏதும் உண்டா?" என்பதே. இக்கேள்விக்கு நம் பெண்மக்கள் பலர் "இல்லை" என்று விடை சொல்லிவிடுகின்றனர். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனையும் சிசேரியனையும் அவர்கள் ஆபரேஷன் கணக்கில் சேர்ப்பதில்லை. அவை பிள்ளைப்பேற்றோடு போனவை என்பது அவர்கள் எண்ணம். கருத்தடைக்காகப் போட்ட கீறல் சிறிது, ஒட்டும் வாய்ப்பும் குறைவு. ஆயினும் அதனையும் சொல்ல வேண்டும். தாளில் அதற்கும் ஒரு வரி விடுக.